பத்து ஃபைல் யானை

பெரியநாயகி எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கொடியேற்றம். திருவேம்பனூர் கோவில் யானை மண்டபத்தில், நெற்றிப்பட்டம் கட்டி, கழுத்தில் மணி போட்டு, அது உட்கார்ந்தபடியே இடது காதை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. இடது காது மட்டும் ஆடினால், எழுதிய கட்டளைகளைச் சேர்த்து யானையை இயக்கும் கம்பைலர் எதையோ ஏற்கவில்லை என்று பொருள். ஊரில் இது தெரிந்தவள் சங்கரவடிவு ஒருத்திதான்.

கோவில்களில் உயிருள்ள யானை கூடாது என்று சட்டம் வந்த பிறகு வாங்கிய இயந்திர யானை அது. அதைப் பார்த்துக்கொள்ள கம்பெனி அனுப்பிய பெண் வடிவு. பி.எஸ்சி. இயற்பியல். யானையோடு நன்றாகப் பேசுவாள். மனிதர்களோடு பேசும்போது முதல் வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிடும். அது வெளியே வருவதற்குள் கேட்டவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

"என்ன தாயி, தர்ணா பண்ணுத மாதிரி உக்காந்திருக்கு?" என்றார் ஆவுடையப்பன். வடக்கு ரதவீதியில் அரிசி மண்டி வைத்திருப்பவர். முதல் நாள் மண்டகப்படி, அதாவது அந்த நாள் திருவிழாச் செலவும் மரியாதையும், அவர்களுடையது.

"பேரு மோதுது, அண்ணாச்சி."

"எந்தப் பேரு?"

"முதல் வணக்கம். ரெண்டு ஃபைல்ல இருக்கு."

தூணில் சாய்ந்து நின்ற குற்றாலிங்கம் நிமிர்ந்தார். தெற்கு ரதவீதி, பஸ் முதலாளி, இரண்டாம் நாள் மண்டகப்படி. "வடக்குத் தெருக்காரரு பேரை மாத்தட்டும்."

"நான் ஏன்வே மாத்தணும்? எங்க தாத்தா காலத்துல இருந்து முதல் வணக்கம் எங்களுக்குத்தான்."

"உம்ம தாத்தா காலத்துல கம்பைலர் இருந்துச்சாவே?"

இது நெடுநேரம் நடந்தது. கடைசியில் 'முதல் வணக்கம்' என்ற பெயரைக் குற்றாலிங்கம் வைத்துக்கொண்டார். ஆவுடையப்பன் தன்னுடையதற்கு 'முதலுக்கு முந்தின வணக்கம்' என்று பெயர் கொடுத்தார். வடிவு நிரலை மறுபடியும் ஓடவிட்டாள். காது நின்றது. யானை எழுந்தது. குற்றாலிங்கத்துக்குத்தான் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த செயல் அலுவலர் இந்துமதி. ஊருக்கு அவர் ஈ.ஓ. மேடம். காஞ்சிபுரத்துக்காரர். வடிவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"யானை ஒண்ணுதானேம்மா? எதுக்கு இத்தனை ஃபைல்?"

யானை விஷயம் என்பதால் வடிவுக்குப் பேச்சு வந்தது.

"முதல்ல ஒரே ஃபைல்தான் மேடம். இவங்க வந்து அவங்க வரியை அழிச்சாங்க. அவங்க வந்து இவங்க வரியை அழிச்சாங்க. யானை ஒரு நாள் சாமியப் பார்த்து வணக்கம் வைக்காம செவுத்தப் பார்த்து வச்சிட்டு. அதான் பிரிச்சோம். யானை என்னென்ன செய்யும்னு சொல்லுத விளக்கத்துக்கு கிளாஸ்னு பேரு. அதை ஒரே இடத்துலதான் எழுதணும்னு இல்ல. பல ஃபைல்ல துண்டு துண்டா எழுதலாம். ஒவ்வொண்ணுலயும் தலைப்புல 'இது யானையோட ஒரு பாகம்'னு போட்டுட்டாப் போதும். கம்பைலர் எல்லாத்தையும் சேர்த்து ஒரே யானை ஆக்கிரும்."

"ஆளுக்கொரு பாகம். மண்டகப்படி மாதிரியே."

"ஆமா மேடம். பத்து நாள், பத்து மண்டகப்படி, பத்து ஃபைல். அவங்க தமிழ்ல சொல்லுவாங்க, மெஷினே கோடா மாத்திக்கிடும். அடுத்தவங்க தொடக் கூடாதுன்னாங்க, பூட்டு போட்டுக் கொடுத்தோம். அப்புறம் படிக்கவும் கூடாதுன்னாங்க."

"நீ?"

"நானும் படிக்க முடியாது."

"அப்ப முழு யானையையும் படிச்சது யாரு?"

"கம்பைலர் மட்டுந்தான்."

"எனக்கு இந்த ஊர் பழகிடும்னு தோணுது. எங்க ஆபீஸ் மாதிரியே இருக்கு."

"ஒரே ஒரு தொல்லை மேடம். ஒரு ஃபைல்ல 'கூடாது'ன்னு எழுதினா, முழு யானைக்கும் கூடாது. போன வருஷம் செக்கடித் தெருக்காரங்க, சினிமாப் பாட்டு கேட்டா நடக்கக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. அவங்க நாளுக்குன்னு நினைச்சு. ஆறாம் திருநாள் அன்னைக்கு ஆட்டோ ஸ்டாண்டுல ஸ்பீக்கர் போட்டாங்க. யானை நடுரோட்டுல நின்னுட்டு. பாட்டை நிறுத்தினா ஆட்டோக்காரங்க சண்டைக்கு வாராங்க, நிறுத்தலைன்னா யானை வர மாட்டேங்குது."

ஈ.ஓ. மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, அந்த ஊரில் எல்லோரும் முதலில் கேட்பதை அவர் கடைசியில் கேட்டார்.

"நீ உள்ளூர்தானே? எந்தத் தெரு?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மேடம்."

வடிவு எப்போதும் சொல்கிற பதில் இது. பொய் இல்லை. குளத்தடித் தெருவின் ஒரு முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் முடிகிறது. மறுமுனை கிழக்கு ரதவீதி முக்கில் தொடங்குகிறது. அந்த முனையை அவள் சொல்வதில்லை. ஊர்வலம் நான்கு ரதவீதிகளையும் சுற்றும். குளத்தடித் தெரு ஆட்கள் தங்கள் முனையில் நின்று, யானையின் வால் கடந்து போவதைப் பார்ப்பார்கள். பத்து மண்டகப்படியில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஊர்வலம் அந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

தன் தெரு தெரிந்தால் யானைக்கு அருகில் நிற்க விடுவார்களா என்பது வடிவுக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமும் இல்லை. இந்த வேலை போனால் கம்பெனி அவளை வேறு மாநிலத்துக்கு, ஏதாவது கிடங்கில் பெட்டி தூக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடும். பெட்டி தூக்கும் இயந்திரங்களுக்குக் காது கிடையாது.

பெரியநாயகிக்குக் காதுகள்தான் உயிர். சூரியத் தகடுகள் பதித்த காதுகள். களைத்தால், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நின்று, இரண்டு காதுகளையும் விரித்து ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். போன வருடம் அப்படி நின்றது தெற்கு ரதவீதியில், குற்றாலிங்கத்தின் பஸ் கம்பெனி வாசலில். அவர் அதைப் படம் பிடித்துக் காலண்டர் போட்டார். ஊரில் எந்த டீக்கடைக்குப் போனாலும் சுவரில் விரிந்த காதும் பக்கத்தில் குற்றாலிங்கமும். ஆவுடையப்பன் அந்த வருடம் முழுவதும் டீயை வீட்டிலேயே குடித்தார்.

திருவிழாவின் முதல் நான்கு நாட்கள் குறையில்லாமல் நடந்தன. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் மழை பிடித்துக்கொண்டது. ஏழாம் நாள் காலை பளிச்சென்று விடிந்தது. பெரியநாயகி பாதி பேட்டரியோடு வீதியுலாவுக்குக் கிளம்பியது. முன்னால் யானை, யானைக்குப் பின்னால் மேளம், மேளத்துக்குப் பின்னால் அம்மன் பல்லக்கு. யானையின் பக்கவாட்டில் கையில் டேப்லெட்டோடு வடிவு.

தெற்கு ரதவீதியில் யானை தயங்கியது. காது பாதி விரிந்து மூடிக்கொண்டது. திரையில் 'தடை' என்று வந்தது. குற்றாலிங்கம் வாசலில் போட்டோகிராபரோடு தயாராக நின்றார்.

"என்னம்மா, நிக்கலியா?"

"தெரியல அண்ணாச்சி."

மேற்கில் தயங்கியது. தடை. வடக்கில் ஆவுடையப்பன் இரண்டு போட்டோகிராபர்களோடு நின்றார். அங்கும் தடை. கிழக்கு ரதவீதிக்கு வரும்போது யானையின் நடை தள்ளாடியது. இனி நடுரோட்டில் நின்றுவிடும், கிரேன்தான் கொண்டுவர வேண்டும் என்று வடிவு மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, திரையில் பச்சை எழுத்து வந்தது.

'தடையில்லாத தெரு கிடைத்தது.'

பெரியநாயகி முக்கில் திரும்பியது.

"ஐயோ," என்றாள் வடிவு. அது யார் காதிலும் விழவில்லை.

நாதஸ்வரக்காரர் கண்ணை மூடித் தோடியில் இருந்தார். அவருக்கு வழி என்பது முன்னால் போகிற யானையின் மணிச் சத்தம்தான். அவரும் திரும்பினார். அவர் திரும்பியதால் தவில் திரும்பியது. பல்லக்குத் தூக்குகிறவர்கள் தோளில் பாரத்தோடு தலையைக் குனிந்து தவிலைக் கேட்டு நடப்பவர்கள். அவர்களும் திரும்பினார்கள். குருக்கள் மட்டும் ஒரு நொடி நின்று இடமும் வலமும் பார்த்தார். அம்மன் போய்விட்டாள். அவர் என்ன செய்வார்? பின்னால் ஓடினார்.

குளத்தடித் தெருவில் அப்போது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தெரு முழுக்கக் குடங்கள். யானை குடங்களுக்கு நடுவே ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து நடந்து, நல்ல வெயில் விழுந்த ஒரு வீட்டு வாசலில் நின்று, இரண்டு காதுகளையும் முழுதாக விரித்தது. தோடி சட்டென்று நின்றது. நாதஸ்வரக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார்.

குடம் நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வீட்டிலிருந்து கையெல்லாம் சோப்பு நுரையோடு ஒரு அம்மாள் வெளியே வந்தாள். யானையைப் பார்த்தாள். பல்லக்கைப் பார்த்தாள். பிறகு யானையின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முயன்ற பெண்ணைப் பார்த்தாள்.

"ஏட்டி வடிவு! சாமியக் கூட்டிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வர மாட்டியா? வாசல்கூடத் தெளிக்கல பாரு!"

வடிவின் அம்மா பேச்சித்தாயின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. முக்கில் உள்ளே வராமல் நின்றிருந்த ஆவுடையப்பனுக்கும் குற்றாலிங்கத்துக்கும் அது தெளிவாகக் கேட்டது. இருவரும் அன்று முதல் தடவையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

யானை ஒரு மணி நேரம் நிற்கும் என்று வடிவு குருக்களிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "குடிக்கக் கொஞ்சம் ஜலம் கிடைக்குமா?" என்று கேட்டார். பதினேழு வீட்டிலிருந்து தண்ணீர் வந்தது.

சாயங்காலம் கோவில் அலுவலகத்தில் கூட்டம். பத்து மண்டகப்படிக்காரர்களும் வந்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து போனில் ஒரு மேலாளர். வடிவு கதவோரம் நின்றாள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலன்னு சொன்னியே தாயி," என்றார் ஆவுடையப்பன். அவர் கத்தியிருந்தால் வடிவுக்கு எளிதாக இருந்திருக்கும். "உன் தெருவுக்குப் போகணும்னு யானைக்குள்ள எழுதி வச்சிட்டியே."

"ரெண்டு வருஷமா யானை கையில இருக்கு. எழுதாமலா இருப்பா?" என்றார் குற்றாலிங்கம்.

"வே, நீரும் நானும் ஒண்ணாப் பேசுதது இதான் முதல் தடவை."

"அதுக்கும் இந்தப் புள்ளதான் காரணம்."

போனில் இருந்த மேலாளர், வருத்தம் தெரிவிப்பதாகவும், நாளையே வேறு ஆளை அனுப்பிவிடுவதாகவும், வடிவு இன்றே யானையின் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். ஈ.ஓ. மேடம் வடிவைப் பார்த்தார்.

"நீ எதாவது சொல்லணுமாம்மா?"

முதல் வாக்கியம் வழக்கம்போலத் தொண்டையில் நின்றது. டீ குடிக்க யாரும் எழுந்து போகவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அதனால் வேறு வழியில்லாமல் அது வெளியே வந்தது.

"பூட்டைத் திறங்க."

"என்னது?"

"பத்து ஃபைலையும் திறங்க. என் வரி ஒண்ணு இருந்தா நானே போயிருதேன். உங்க முன்னாலயே யானை படிக்கட்டும்."

அறையில் சலசலப்பு. தன் ஃபைலைத் திறக்க ஒருவருக்கும் மனமில்லை. ஆனால் மறுத்தால், அதில் என்னதான் இருக்கிறது என்று மற்ற ஒன்பது பேரும் கேட்பார்கள். ஒவ்வொருவராகக் கட்டைவிரல் வைத்தார்கள்.

பெரியநாயகிக்கு ஒரு குரல் உண்டு. திருவிழாவில் 'பக்தர்களே, வழிவிடுங்கள்' என்று சொல்வதற்காகப் பதிவு செய்த இனிமையான பெண் குரல். வெளியே மண்டபத்தில் நின்றபடி, அதே குரலில் யானை படித்தது.

"முதல் நாள் மண்டகப்படி. தெற்கு ரதவீதியில் காது விரிக்கக் கூடாது. குறிப்பாக பஸ் கம்பெனி வாசலில்."

குற்றாலிங்கம் எழுந்தார். "ஆவுடையப்பரே!"

"இரண்டாம் நாள் மண்டகப்படி. வடக்கு ரதவீதியில் காது விரிக்கக் கூடாது. அரிசி மண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது."

"உக்காரும்வே," என்றார் ஆவுடையப்பன்.

"மூன்றாம் நாள் மண்டகப்படி. கிழக்கு ரதவீதியில் காது விரிக்கக் கூடாது. அங்கே என் சம்பந்தி இருக்கிறார்."

சம்பந்தி அந்த அறையிலேயே இருந்தார். அவருடைய ஃபைல் ஐந்தாவது. மேற்கு ரதவீதிக்கான தடை அதில் இருந்தது, காரணத்தோடு. இப்படியே பத்தும் முடிவதற்குள் ஒரு நாற்காலி சாய்ந்தது, ஒரு கல்யாணப் பேச்சு முறிந்தது, இரண்டு பேர் வெளியே போய் மறுபடியும் உள்ளே வந்தார்கள். போனில் இருந்த மேலாளர் எப்போது வைத்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் வடிவு சொன்னாள். "ஆளாளுக்கு அடுத்த தெருவுக்குத் தடை போட்டுட்டீங்க. எல்லாத்தையும் கூட்டினா நாலு தெருவுலயும் தடை. யானை எங்கதான் நிக்கும்? கூடாதுன்னு யாருமே சொல்லாத தெரு ஒண்ணுதான் இருந்துச்சு."

"அதுக்கு ஏன் சொல்லாம விட்டோம்?" என்று ஒருவர் கேட்டார்.

பதில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெரு அவர்கள் நினைப்பிலேயே வரவில்லை.

"சரி, போனது போட்டும்," என்றார் ஆவுடையப்பன். "இப்ப ஒரு வரி சேத்துருவோம். அங்கயும் கூடாதுன்னு."

ஈ.ஓ. மேடம் பேனாவை எடுத்தார். "தாராளமா. யானைக்குச் சாடையாச் சொன்னாப் புரியாது. தெருப் பேரு முழுசா எழுதணும். கூடாதுன்னா ஏன் கூடாதுன்னு காரணம் எழுதணும். கீழே கையெழுத்து. எனக்கு ஒரு நகல், நான் சட்டப்பிரிவுக்கு அனுப்புவேன். யாரோட ஃபைல்ல சேர்க்கப் போறீங்க?"

இத்தனை காலம் யாரும் எழுதாமலேயே நடந்துவந்த விஷயம் அது. எழுத வேண்டும் என்றதும் அதற்கு ஒரு கை தேவைப்பட்டது.

குற்றாலிங்கம் தொண்டையைச் செருமினார். "வடக்குத் தெருதான் மூத்த மண்டகப்படி. முதல் மரியாதை அவங்களுக்குத்தான். அண்ணாச்சியே எழுதட்டும்."

"அதெல்லாம் இல்லவே," என்றார் ஆவுடையப்பன் அவசரமாக. "முதல் வணக்கம்ங்கிற பேரே உம்மகிட்டதான இருக்கு. நீரே எழுதும்."

"நீங்க முதலுக்கு முந்தினவங்க."

"சும்மா பேருக்குச் சொன்னதுவே அது."

மூன்று தலைமுறையாக வழக்குப் போட்டு வாங்கிய மரியாதையை இருவரும் ஒருவர் மடியில் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்ற எட்டுப் பேர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். வரி எழுதப்படவில்லை. பூட்டுகளை மறுபடியும் போட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். வடிவின் மேல் தவறில்லை என்று ஈ.ஓ. மேடம் கம்பெனிக்கு இரண்டே வரியில் எழுதினார். சாவி வடிவிடமே இருந்தது.

இதனால் ஊருக்கு மனம் மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்த வருடத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆவுடையப்பன் மண்டபத்துக்குத் தனியாக வந்து தன் ஃபைலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே குற்றாலிங்கம் வந்து தன் ஃபைலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இருவருமே போகும்போது, நான் வந்ததை அவரிடம் சொல்லிவிடாதே என்றார்கள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பெரியநாயகி எழுந்திருக்கவில்லை. இடது காது ஆடியது.

"இப்ப என்ன பேரு மோதுது?" என்று ஆவுடையப்பன் கேட்டார். குற்றாலிங்கம் தூணில் சாய்ந்து நின்றார்.

வடிவு திரையைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு சத்தமாகவே படித்தாள்.

"'குளத்தடித் தெருவில் ஓய்வு.' ரெண்டு ஃபைல்ல இருக்கு."

இருவரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்தார்கள்.

"அது வந்து தாயி," என்றார் ஆவுடையப்பன், "இவரு வாசல்ல நின்னா மறுபடியும் காலண்டர் போட்டுருவாருல்லா? அதுக்கு அங்க நிக்கட்டும்னு."

"அதேதான்," என்றார் குற்றாலிங்கம். "அரிசி மண்டி வாசல்ல நிக்கதுக்குப் பதிலா அங்க நிக்கலாம்."

"அப்ப யாராவது ஒருத்தர் வரியை எடுங்க."

"அவரு எடுக்கட்டும்."

"நான் ஏன்வே எடுக்கணும்? நான்தான் முதல்ல எழுதினேன்."

"பேரை மாத்தலாமா?" என்றாள் வடிவு. "முதலுக்கு முந்தின ஓய்வுன்னு?"

அவர்களிடம் அவள் சொன்ன முதல் நகைச்சுவை அது. குற்றாலிங்கம் சிரித்துவிட்டு, ஆவுடையப்பன் சிரிக்காததைக் கண்டு இன்னொரு தடவை சிரித்தார்.

"ரெண்டு பேரும் எடுத்துருங்க," என்றாள். "நான் வேற ஃபைல்ல போட்டுக்கிடுதேன்."

"யாரு ஃபைல்ல?"

"எங்க தெரு ஃபைல்ல."

எந்தத் தெரு என்று இருவரும் கேட்கவில்லை. கட்டைவிரலை வைத்து ஆளுக்கொரு வரியை அழித்தார்கள். ஒருவர் அழிக்கிறாரா என்று மற்றவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

வடிவு புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து, தலைப்பில் 'இது யானையின் ஒரு பாகம்' என்று எழுதினாள். ஓய்வு வரியை எழுதினாள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"நம்ம தெரு சார்பா யானைக்கு எதாவது சொல்லணும்னா என்னம்மா சொல்லுவ?"

பேச்சித்தாய் யோசிக்கவே இல்லை. "சொல்லிட்டு வரச் சொல்லு."

ஏழாம் நாள் வெயில் நன்றாக இருந்தது. கிழக்கு ரதவீதி முக்கில் பெரியநாயகி நின்றது. தும்பிக்கையைத் தூக்கி ஒரு தடவை பிளிறியது.

"இரு, வாரேன்!" என்று தெருவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

யானை அசையவில்லை. யானைக்குப் பின்னால் மேளம் நின்றது. மேளத்துக்குப் பின்னால் பல்லக்கு நின்றது. பல்லக்குக்குப் பின்னால் பத்து மண்டகப்படியும் வெயிலில் நின்றது.

பேச்சித்தாய் வாளியைக் கொண்டுவந்து வைத்து, நிதானமாக வாசல் தெளிக்கத் தொடங்கினாள்.